மைக்கைக் கேட்டுப் பார்த்து வாங்க முடியுமா?

4 ஜனவரி (கேள்வி)

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்கா வீணை வாசிப்பவர். அவருடைய வாசிப்பை வீட்டிலேயே பதிவு செய்து வைக்க ஒரு ரெக்கார்டரும் மைக்கும் வாங்க எண்ணம். கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. சென்னையில் விசாரித்தால், பெட்டியைப் பிரித்துவிட்டால் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் நிறம் பார்த்து வாங்குகிற ஊரில், இத்தனை விலையுள்ள பொருளைக் கேட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது? கேட்டுப் பார்க்க விடுகிற கடை எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5 ஜனவரி, காலை (பதில்)

அப்படிப்பட்ட கடை கிடைத்தாலும் உங்கள் சிக்கல் தீராது. ரிட்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் நிறையவே நின்று பார்த்திருக்கிறேன். மைக்கைக் காட்டச் சொன்னால் கடைக்காரர் அதை ஒரு மிக்சரில் சொருகி, பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரைத் திருப்பிவைத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பார். அந்த வாக்கியத்தில் தோற்றுப்போன மைக் எதையும் நான் இன்றுவரை கண்டதில்லை. அப்போது நம் காதில் விழுவது அந்தக் கடையின் ஸ்பீக்கரும், கண்ணாடி அலமாரிகளில் பட்டுத் திரும்பும் ஒலியும், ஏசியின் இரைச்சலும், எதிர்க்கடையில் யாரோ சோதித்துக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயரும்தான். மைக்கின் பங்கு எது என்று அதிலிருந்து பிரித்தெடுக்க எந்தக் காதாலும் ஆகாது.

ஸ்பீக்கரும் ஹெட்போனும் வாங்கும்போது நிலைமை வேறு. தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டால் அந்தக் கருவி செய்யும் வேலையையே நேரடியாகக் கேட்கிறோம். மைக்குக்கென்று தனியாக ஓர் ஒலி கிடையாது. அது ஒரு பதிவை உண்டாக்கித் தருகிறது. அந்தப் பதிவில் வாத்தியம், வாசிப்பவர், அறை, தூரம், மைக் வைத்த கோணம், மைக்கின் நுண்ணிய மின்சாரத்தைப் பெருக்கும் ப்ரீஆம்ப் எல்லாம் சேர்ந்தே கிடக்கின்றன. ஆகவே கடையில் கேட்க வேண்டிய அனுமதி, "கேட்டுப் பார்க்கலாமா?" என்பதன்று, "பதிவு செய்து எடுத்துப் போகலாமா?" என்பது. உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோய், காட்சிக்கு வைத்திருக்கும் ரெக்கார்டரில் போட்டுப் பதிவு செய்து, வீட்டில் நீங்கள் தினமும் பாட்டுக் கேட்கும் ஹெட்போனிலேயே கேளுங்கள். பெட்டியைப் பிரிக்க மறுக்கும் கடைகள்கூட இதற்குச் சில சமயம் ஒத்துக்கொள்கின்றன, ஏனெனில் காட்சிப் பொருள் ஏற்கெனவே பிரித்த பொருள்தான்.

5 ஜனவரி, இரவு

மறந்துவிட்டேன்: கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீங்களே பேசிப் பார்க்காதீர்கள். நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. ஹெட்போனில் வரும் குரல் அதனுடன் கலந்து, மலிவான மைக்கையும் ஆழமான குரல் தருவதாகக் காட்டும். உடன் வந்தவரைப் பேசவிட்டு, நீங்கள் சற்று எட்டி நின்று கேட்பது ஓரளவு நல்லது.

7 ஜனவரி

"எண்களைப் பார்த்தே வாங்கிவிடலாமே, கேட்பானேன்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. வீணையைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டிய எண் மைக்கின் உள்ளிரைச்சல், அதாவது முழு அமைதியில் வைத்தாலும் தன் மின்சுற்றால் அது எழுப்பும் ஸ்ஸ் என்ற ஒலியின் அளவு. ரோட் என்டி1-ஏ மைக்குக்கு அது 5 டெசிபெல், நாய்மன் கேஎம் 184-க்கு 13, ரோட் என்டி5-க்கு 16. அதிக விலைதான் குறைந்த இரைச்சல் என்று எண்ணுபவர்கள் இந்த மூன்றையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்; நாய்மன்தான் மூன்றிலும் விலை கூடியது. ஒலி படும் தகடு பெரிதாக உள்ள என்டி1-ஏ போன்ற மைக்குக்கு இரைச்சல் குறைவாக அமைவது இயல்பு, அவ்வளவே.

மேலே சொன்ன மூன்றும் மின்னூட்டமேற்றிய தகட்டால் இயங்கும் கண்டென்சர் மைக்குகள். காந்தத்தாலும் கம்பிச்சுருளாலும் இயங்கும் டைனமிக் மைக்குக்கு உள்ளிரைச்சல் என்று ஓர் எண்ணைப் பெரும்பாலும் போடுவதில்லை. அங்கே பார்க்க வேண்டியது உணர்திறன். ஷ்யூர் எஸ்எம்58, ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு, அதாவது 94 டெசிபெல் ஒலிக்கு, ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட் தருகிறது. என்டி1-ஏ 25 மில்லிவோல்ட் தருகிறது. தம்புரா அரை மீட்டர் தள்ளி 54 டெசிபெல் அளவில் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்58-ஐ, -127 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபெல் முறையில் சொல்லும் அளவு; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது) இரைச்சலுள்ள நல்ல ப்ரீஆம்பில் சொருகினாலும் நாதத்துக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி தோராயமாக 35 டெசிபெல்தான். அதே இடத்தில் என்டி1-ஏ 49 டெசிபெல் தரும். தந்தியின் நாதம் மெல்ல அடங்கும்போது கடைசி இரண்டு மூன்று விநாடிகள் இரைச்சலுக்குள் மூழ்குமா, மூழ்காதா என்பதை இந்த 14 டெசிபெல்தான் தீர்மானிக்கிறது.

மீதிப் பாதி என்னவென்றால், அந்த வேறுபாட்டைக் கடையில் கேட்கவே முடியாது. ஏசி ஓடும் கடையில் சுற்றுப்புற ஒலியே 50 டெசிபெல்லை ஒட்டி இருக்கும். அதனடியில் 5-உம் 16-உம் ஒன்றுதான். காகிதத்தில் இருக்கும் எண்ணைக் கடை மறைத்துவிடுகிறது. மைக்கின் குணத்தையோ காகிதம் சொல்வதில்லை, ஏனெனில் எந்தச் சுருதியை எவ்வளவு பிடிக்கும் என்று காட்ட, பெட்டியோடு வரும் அலைவெண் வரைபடம் பெரும்பாலும் மேடுபள்ளம் நீவப்பட்டது. அதுவும் நேர் எதிரே வரும் ஒலிக்கு மட்டுமே வரைந்தது.

8 ஜனவரி

யூடியூபில் ஐந்து மைக்குகளை ஒப்பிடும் காணொளிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தளம் ஒலியைச் சுருக்கியே அனுப்புகிறது. அதுகூடப் பெரிய குறையில்லை. ஒப்பிடுபவர் அமெரிக்க ஆண் குரலில், வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்துப் பேசுகிறார் என்பதுதான் குறை. அந்த நெருக்கத்தில் ஒரு பக்கத்து ஒலியையே முதன்மையாகப் பிடிக்கும் மைக்குகள் பெரும்பாலும் கீழ் ஒலிகளை உப்பவைக்கும். வீணைக் குடத்துக்கு அரை மீட்டர் எட்டி வைக்கும்போது அந்த உப்பல் பெரும்பாலும் போய்விடும். அங்கே "கனமான மைக்" என்று பெயர் வாங்கியது இங்கே மெலிந்து ஒலிக்கலாம்.

11 ஜனவரி

ரெக்கார்டருக்கு மட்டும், எவ்வளவு சத்தமான கடையிலும் செல்லுபடியாகும் ஒரு சோதனை உண்டு. மைக் கம்பிகளில் இருக்கும், மூன்று ஊசி கொண்ட எக்ஸ்எல்ஆர் ஆண் முனை ஒன்றை வாங்கி, அதன் 2-ஆம் 3-ஆம் ஊசிகளுக்கு நடுவே 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து மூடிவிடுங்கள். ரிட்சி தெருவிலேயே இரண்டும் கிடைக்கும். ரெசிஸ்டரை ஒன்றாகக் கேட்டால் கடைக்காரர் முறைப்பார், பத்தாகக் கேளுங்கள். அதை ரெக்கார்டரில் சொருகினால், எதிரே 150 ஓம் மின்தடையுள்ள, காது கேளாத ஒரு மைக் இருப்பதாக ரெக்கார்டர் நினைத்துக்கொள்ளும். ரெக்கார்டர் கம்பி வழியே மைக்குக்கு அனுப்பும் பான்டம் மின்சாரத்தை அணைத்து, ப்ரீஆம்ப் பெருக்கும் அளவான கெயினை முழுவதும் ஏற்றி, அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். உள்ளே இருக்கும் மைக்குகள் அணைந்திருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதிவில் இருப்பது ப்ரீஆம்பின் இரைச்சல் மட்டுமே; கடையில் தவில் வாசித்தாலும் அதற்குள் நுழையாது.

அறை வெப்பத்தில் 150 ஓம் மின்தடை தானாக எழுப்பும் இரைச்சலே ஏறத்தாழ -131 டிபியு. எந்தக் கருவியும் அதற்குக் கீழே போக முடியாது. ஆகவே -127 என்று அறிவிக்கும் ஜூம் எஃப்3 போன்ற ஒரு ரெக்கார்டர் இயற்கையின் எல்லையை ஏறக்குறையத் தொட்டுவிட்டது. அதற்குமேல் காசைக் கொட்டி வாங்க அந்தப் பக்கம் மிச்சம் ஒன்றும் இல்லை.

12 ஜனவரி

எஃப்3-இல் கெயின் குமிழே இல்லையே, எதை முழுவதும் ஏற்றுவது என்று கேட்டவருக்கு: அது, மெல்லியதும் உரத்ததும் கெடாமல் ஒரே பதிவில் அடங்கும் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிகிறது, கணினியில் கோப்பை உயர்த்திக் கேளுங்கள், போதும்.

15 ஜனவரி

பொங்கல் விடுமுறையில் யோசித்ததில், இந்த விஷயத்தில் உண்மையில் பயனுள்ளது ஒன்றே ஒன்று என்று தோன்றுகிறது; அதை நான் இன்னும் எழுதவே இல்லை. உங்களிடம் ஏற்கெனவே ஒரு மைக் இருந்தால், எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும், அதைக் கடைக்குக் கொண்டுபோங்கள். புது மைக்கையும் பழையதையும் பக்கத்தோடு பக்கம் ஒட்டினாற்போல் ஒரே திசையை நோக்கிப் பிடித்து, ஒரே ரெக்கார்டரின் இரண்டு உள்ளீட்டு வழிகளில் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். பிறகு கம்பிகளை இடம் மாற்றி மறுபடியும் ஒரு தடவை பதியுங்கள். வழிகளுக்குள் வேறுபாடு இருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்போது கடை, ஏசி, எதிர்க்கடை எல்லாம் இரண்டு பதிவிலும் ஒன்றாகவே விழுந்திருக்கும். வீட்டில் கேட்கும்போது எஞ்சும் வேறுபாடு அந்த இரு மைக்குகளுக்கும் உரியது. பழைய மைக் உங்கள் வீட்டில், உங்கள் அக்காவின் வீணையில் எப்படி ஒலிக்கும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். ஆகவே புதியது அங்கே எந்தத் திசையில் விலகும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். தனியாகக் கேட்ட எந்த மைக்கும் இந்த ஊகத்துக்கு இடம் தராது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பதிவையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்று ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தாலும், "கூடுதல்" என்று மனம் சொல்லாது. "தெளிவு", "உயிர்ப்பு" என்றே சொல்லும். மெல்லிய ஒலியில் தாழ்ந்த சுரங்கள் காதுக்குக் குறைவாகவே கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து வரைந்துவிட்டார்கள். விற்பனையாளர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்காவிட்டாலும், விற்க விரும்பும் மைக்கின் ஒலி அளவைக் கூட்டும் ஃபேடரை ஒரு நூல் ஏற்றிவைக்கத் தெரிந்தவர்கள்.

16 ஜனவரி

நேற்று எழுதியதற்கு ஒரு வரம்பு. அது நேர் எதிரே வரும் ஒலியை மட்டும் ஒப்பிடுகிறது. வீணைக்கு அது போதாது, ஏனெனில் நாதம் ஓரிடத்திலிருந்து புறப்படுவதில்லை: குடத்தின் மேற்பலகையும் அதன்மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையும் ஓரிடம், இடக்கை விரல் மெட்டுகளின் மேல் சறுக்கும் சீறல் ஒன்றரை அடி தள்ளி, தாளத் தந்திகள் பக்கவாட்டில். மைக்கை எங்கே குறிவைத்தாலும் இவற்றில் சில கோணலாகவே வந்து சேரும். பக்கவாட்டில் வரும் மேல் ஒலிகளை மங்கலாக்கும் மைக்கானால், தாளத் தந்தி வேறோர் அறையில் ஒலிப்பதுபோல் விழும். ஆகவே இரண்டு மைக்கையும் ஒன்றாகப் பிடித்தபடியே, ஒருவரை உங்களைச் சுற்றி நடந்துகொண்டே பேசச் சொல்லுங்கள். நேரே வரும்போதும் பக்கவாட்டில் போகும்போதும் அவர் அதே ஆளாக ஒலித்தால் அந்த மைக் நல்லது. பின்னால் போகும்போது குரல் குறைவது இயல்பு, குரலின் தன்மை மாறுவதுதான் குறை. விலை கூடிய மைக்குகள் தங்கள் விலைக்கு நியாயம் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் முடிவு.

மிருதங்கக்காரர் ஒருவர் தமக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார். உங்களுக்கு இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. சாப்பு விழும்போது மைக்கும் ப்ரீஆம்பும் தாங்குகின்றனவா என்றும், இடப்பக்கத் தொப்பியில் கும்கி இழுக்கும்போது அந்த நாத வளைவு முழுவதும் வருகிறதா, பாதியில் மறைந்துவிடுகிறதா என்றும் பாருங்கள். இதற்கு மிருதங்கத்தையே கடைக்குத் தூக்கிப் போக வேண்டும். ஒன், டூ, த்ரீ உதவாது. கூட்டம் சேரும், தள்ளுபடி கிடைக்கவும் வாய்ப்புண்டு.

20 ஜனவரி

சற்று விலகிப் போகிறேன். 1915 முதல் பத்தாண்டுக் காலம் எடிசன் நிறுவனம் அமெரிக்கா முழுவதும் "டோன் டெஸ்ட்" என்ற பெயரில் நிகழ்ச்சிகளை நடத்தியது. மேடையில் பாடகரும் இசைத்தட்டு இயந்திரமும் மாறி மாறிப் பாடுவார்கள். இடையில் விளக்குகள் அணையும். எப்போது மனிதர் நிறுத்தினார், எப்போது இயந்திரம் தொடர்ந்தது என்று சபையோரால் சொல்ல முடியாது என்பது விளம்பரம். நிறையப் பேர் ஏமாந்ததாகவே அக்காலச் செய்திகள் கூறுகின்றன. அன்றைய இயந்திரத்தை இன்று கேட்டால் சிரிப்பு வரும். பிறகு எப்படி? இயந்திரத்தின் அளவுக்குத் தம் குரலை அடக்கிக்கொண்டதாக, அந்நிகழ்ச்சிகளில் பாடிய அன்னா கேஸ் முதிய வயதில் தெரிவித்தார். கருவி மனிதரைப் போல் பாடவில்லை. மனிதர் கருவியைப் போல் பாடினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் அக்காவையே கடைக்கு அழைத்துப்போய் ஹெட்போன் மாட்டி வாசிக்கவைக்கும் யோசனையைச் சிலர் முன்வைத்திருக்கிறார்கள். தேர்ந்த கலைஞர் தாம் கேட்கும் ஒலிக்கு ஏற்ப மீட்டின் அழுத்தத்தை மாற்றிக்கொள்வார். அது அவருடைய தேர்ச்சியின் ஒரு பகுதி. மைக் கூர்மையாக ஒலித்தால் மென்மையாக மீட்டுவார், பதிவு அருமையாக அமையும், நாம் மைக்கைப் பாராட்டுவோம். வாசிப்பவருக்கு ஹெட்போன் கொடுக்காதீர்கள்.

21 ஜனவரி

ஒலியை விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிவது, 96 கிலோஹெர்ட்சா 192-ஆ என்ற கேள்விக்கு இங்கே இடம் கொடுக்க மனமில்லை. இருந்தாலும் ஒரு வரி. மேயர், மோரன் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் 276 முறை விடை சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவே. அந்தக் காசை மைக் ஸ்டாண்டில் போடுங்கள். ஆடாத ஸ்டாண்டின் பயன் முதல் நாளே காதில் விழும்.

26 ஜனவரி

போலிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. எஸ்எம்58-இன் போலி உலகமெங்கும் புழங்குகிறது, நம் ஊர் விலக்கில்லை. அசலின் எடை 298 கிராம். எனக்கு ஒரு கடையில் மிகவும் மலிவாக ஒன்று வந்தது. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது எண் கணிசமாகக் குறைவாகக் காட்டியது. கடைக்காரர், "இது புது மாடல், லைட் வெயிட்" என்றார். அவரோடு வாதாடாமல் திரும்பிவிட்டேன். எடை சரியாக இருந்தாலே அசல் என்று சொல்ல முடியாது, ஏனெனில் உள்ளே ஈயத்தைத் திணிக்கவும் ஆள் உண்டு. எடை குறைந்தால் மட்டும் போலி என்பதில் சந்தேகமே வேண்டாம். கேட்டுப் பார்ப்பதைவிட நிறுத்துப் பார்ப்பது இங்கே எளிது.

2 பிப்ரவரி

வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை நல்லதுதான். வடபழனி, சாலிகிராமம் பக்கம் திரைப்படத் துறைக்கு ஒலிக்கருவிகளை வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் இருப்பது சென்ஹைசர் எம்கேஎச் 416 போல, படப்பிடிப்பில் வசனம் பிடிக்கும் நீள மைக். உங்கள் நாற்பதாயிரத்துக்குள் வரும் வீட்டு மைக்கை அவர்கள் வாங்கி வைப்பதில்லை. வாங்கப் போகாத பொருளைக் கேட்டுப் பார்த்து ஏங்கித் திரும்புவதுதான் மிச்சம்.

இணையத்தில் வாங்கித் திருப்பி அனுப்புவதும் எல்லோருக்கும் கைகூடுவதில்லை. பல விற்பனையாளர்கள் பழுதானால் மாற்றித் தருவார்களே தவிர, "ஒலி பிடிக்கவில்லை" என்பதைக் காரணமாக ஏற்பதில்லை. நடைமுறையில் நான் கண்ட சிறந்த வழி, சொந்தமாக மைக் வைத்திருக்கும் ஒருவரின் வீட்டுக்கு வீணையோடு போவது. அங்கே மைக்கையும் பார்க்கலாம். இரண்டு வருடம் புழங்கியவரின் புலம்பலையும் கேட்கலாம். ரெக்கார்டரின் மெனு எத்தனை அழுத்தலில் திறக்கிறது, பேட்டரி எந்த நேரத்தில் காலை வாருகிறது என்பதெல்லாம் எந்தக் கடையிலும் தெரியாது.

கும்பகோணமானாலும் சென்னையானாலும் ஈரப்பதம் என்று ஒன்று இருக்கிறது. கண்டென்சர் மைக்கின் தகட்டில் ஈரம் படிந்தால் படபடவென்று வெடிக்கும் சத்தம் வரும். ஏசி காரிலிருந்து இறக்கி நேராகக் கல்யாண மண்டபத்துக்குள் கொண்டுபோனவர்கள் இதை அறிவார்கள். சென்ஹைசரின் எம்கேஎச் வரிசை வேறு முறையில், ரேடியோ அலைவெண்ணைக் கொண்டு இயங்குவதால் ஈரத்தைப் பெரிதும் தாங்கும். திரைப்படக்காரர்கள் அதை விடாததற்கு இதுவும் காரணம். கைமாறி வரும் கண்டென்சர் மைக்கானால், குளிரூட்டிய அறையில் ஒரு மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு, வெளியே வராந்தாவில் உடனே போட்டுக் கேளுங்கள். விற்பவர் தயங்கினால் காரணம் இருக்கும்.

9 பிப்ரவரி

கும்பகோணத்து நண்பர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். ஒன்றுக்குப் பதிலாக ஒரே வகையில் இரண்டு சிறிய மைக்குகளை ஸ்டீரியோவுக்காக வாங்கத் தீர்மானித்திருக்கிறாராம். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது என்கிறார். ஜனவரி 15-ஆம் தேதி எழுதிய முறையேதான், கூடுதலாக ஒரு படி: கணினியில் ஒரு பதிவின் ஒலியலையை மேல்கீழாகப் புரட்டி மற்றதோடு கூட்டுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் ஒலி ஏறக்குறைய அழிந்துபோகும், எஞ்சுவதுதான் வேறுபாடு. மேல் ஒலிகளில் மட்டும் மிச்சம் கேட்டால் பதற வேண்டாம். 10 கிலோஹெர்ட்சில் ஒலியலையின் நீளமே 3.4 சென்டிமீட்டர்தான், இரண்டு தகடுகளுக்கு இடையே அரை சென்டிமீட்டர் இருந்தாலே அங்கே முழுதாக அழியாது. பேச்சுக்குரலின் நடுப்பகுதி வயிற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் மிஞ்சினால் மட்டும் அந்த இணையைத் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். இதைப் பில் போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். மடிக்கணினியைக் கொண்டுபோனால் கடையின் மேசையிலேயே ஐந்து நிமிட வேலை.